எல்லா டெஸ்ட்டும் நார்மல்... ஆனா எனக்கு சரியில்ல டாக்டர்!

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுக்கிட்டு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். பாதியில் நிறுத்தினால் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. உங்க வீட்டு பீரோவுக்கு மேலேயோ கட்டிலுக்கு அடியிலேயோ ஒரு துணிக்கடை கட்டைப்பை இருக்கா? உள்ளே ஸ்கேன் ஃபிலிம், இசிஜி பேப்பர், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், பழைய மாத்திரை அட்டை எல்லாம் திணித்து வைத்தது?

இருக்குன்னா இந்தப் பதிவு உங்களுக்குத்தான். உங்க வீட்டில் யாருக்காவது இருந்தால் அவர்களுக்காக நீங்கள் படியுங்கள்.

எங்க கீரனூர் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஸ்கேன் சென்டர் உண்டு. அதனால் என்னிடம் வரும் கட்டைப்பைகளில் திருச்சி ரிப்போர்ட் பாதி, புதுக்கோட்டை ரிப்போர்ட் பாதி இருக்கும். கடைசி வரி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

"நார்மல்."

2021 நவம்பர், நல்ல மழை. ஒரே வாரத்தில் இரண்டு கட்டைப்பைகள் என் மேஜைக்கு வந்தன. இரண்டு பேருக்கும் நான் ஒரே பதிலைச் சொன்னேன். ஒருத்தருக்கு அது மூன்று நாள் வேலை செய்தது. இன்னொருத்தரை அது கிட்டத்தட்ட கெடுத்துவிட்டது. அந்தத் தப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

(இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதல் பை: ஒரு தம்பி. வயது 34. சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே ஒரே அறையில் தங்கியிருந்தவர் ராத்திரி சாப்பிட்டுப் படுத்தார், காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. இவர்தான் தட்டி எழுப்பப் போயிருக்கிறார்.

பையில் 11 இசிஜி. இரண்டு எக்கோ. ஒரு ட்ரெட்மில் டெஸ்ட். எல்லாம் சுத்தம்.

"இப்ப என்ன தம்பி பண்ணுது?"

"இப்ப ஒண்ணும் பண்ணல சார். ஆனா பண்ணிருமோன்னு இருக்கு."

இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கையில் ஸ்மார்ட் வாட்ச். பேசிக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில் நாலு தடவை அதைப் பார்த்தார். சட்டைப் பையில் ஆக்சிமீட்டர். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கூகுளில் தேடுவாராம். அதற்கு ரெண்டு வாரம் முன்னால்தான், அக்டோபர் 29 அன்று, கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் இறந்திருந்தார். அந்தச் செய்தியைப் பார்த்த ராத்திரி இவர் தூங்கவே இல்லை.

இரண்டாவது பை: ஒரு அக்கா. வயது 50. நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 1990-களின் தொடக்கத்தில் நம்ம மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்களே, அதில் இவரும் ஒருவர். "எங்க தெருவுல மொத மொத சைக்கிள் ஓட்டுன பொம்பள நாந்தான் சார்" என்று அந்த வலியிலும் சொன்னார்.

"என்னக்கா பண்ணுது?"

"எது பண்ணலன்னு கேளுங்க சார். ஒடம்பெல்லாம் எரியுது. தோள்பட்டையில குத்தலும் கொடச்சலும். காலு மதமதன்னு இருக்கு. நெஞ்சு அடைக்கிது. நாலு வருசமாச்சு. சைக்கிள தொட்டே ரெண்டு வருசமாச்சு."

"ஏதாவது பெரிய வியாதியா இருக்கும்னு பயமா இருக்கா?"

"பயம் என்ன சார் பயம்? செத்தாலும் பரவால்ல. இந்த வலி போனாப் போதும்."

இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். நான் பையைப் புரட்டினேன். எல்லாம் நார்மல். தம்பியிடம் சொன்ன அதே வார்த்தையை அவரிடமும் சொன்னேன்.

"ஒண்ணுமில்லக்கா. எல்லாம் நார்மலா இருக்கு. எல்லாம் மனசுதான். மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

அவர் ஒன்றும் பேசவில்லை. ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்தார். போய்விட்டார்.

தம்பி நாலாவது நாள் திரும்ப வந்தார். "சார், இன்னொரு இசிஜி எடுத்துருவோமா?"

அக்கா திரும்ப வந்தது 2023 ஆவணியில். எனக்கு அடையாளமே தெரியவில்லை. முகம் நிலா மாதிரி உப்பியிருந்தது. பிடரியில் கொழுப்புத் திரட்சி. கையில் தோல் காகிதம் மாதிரி மெலிந்து, தொட்ட இடமெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது. சர்க்கரை 340.

நான் "ஒண்ணுமில்ல" என்று சொன்ன பிறகு யாரோ கொடுத்த பேர் போடாத மாத்திரைப் பொட்டணத்தைக் கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் சாப்பிட்டிருக்கிறார். முதல் வாரத்திலேயே வலி பறந்துவிட்டதாம். பிறகு பொட்டணம் இல்லாமல் இருக்க முடியவில்லை. பொட்டணத்தில் என்ன இருந்தது என்று நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அவர் உடம்பு சொன்னது: ஸ்டீராய்டு. காலையில் எடுத்த கார்டிசால் அளவும் மிகக் குறைவாக இருந்து அதையே சொன்னது.

"அன்னைக்கு ஏங்க்கா திரும்ப வரல?"

"நீங்கதான் ஒண்ணுமில்லன்னுட்டீங்களே சார். வீட்டுலயும் நடிக்கிறேன்னு சொல்றாங்க, டாக்டரும் அதையேதான் சொல்றாருன்னு நெனச்சேன். அந்த மாத்திர குடுத்தவருதான் வலின்னா நம்புனாரு."

மருத்துவக் கல்லூரியில் எனக்குக் கிடைத்த எந்தத் திட்டும் இந்த அளவுக்கு உறைக்கவில்லை.

சரி. இனி பாடம்.

இரண்டு பையும் பார்க்க ஒன்று போல இருந்தாலும் பிரச்சினைகள் வேறு வேறு.

தம்பிக்கு இருந்தது நோய் குறித்த பதற்றம். நோய்ப்பயம் என்று வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு இருந்தது உடல் அறிகுறிக் கோளாறு.

பழைய மருத்துவப் புத்தகங்களில் முதலாவதற்கு ஹைப்போகாண்ட்ரியா என்று பேர். கிரேக்கச் சொல். விலா எலும்புக் குருத்துக்குக் கீழே என்று அர்த்தம். அந்தக் காலத்தில் மனச் சஞ்சலமெல்லாம் அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று நம்பினார்கள். நம்ம ஊரில் "வயித்தைப் பெசையுது" என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதே இடம்!

2013-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு இந்தப் பழைய பேரை எடுத்துவிட்டு இரண்டாகப் பிரித்தது.

ஒன்று: பெரிய நோய் இருக்கிறது, அல்லது வரப்போகிறது என்ற எண்ணமே ஆளைத் தின்பது. உடலில் அறிகுறி இருக்காது, அல்லது லேசாகத்தான் இருக்கும்.

இரண்டு: உடல் அறிகுறி நிஜமாகவே இருந்து வாட்டுவது. அதைச் சுற்றியே நினைப்பு, கவலை, நேரம், பணம் எல்லாம் போவது.

இரண்டுமே சாதாரணமாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் இந்தப் பேரை வைப்போம். நாலு நாள் காய்ச்சலுக்குப் பயந்தால் அது வியாதி இல்லை. அது மனித இயல்பு.

பழைய ஹைப்போகாண்ட்ரியா நோயாளிகளில் சுமார் நாலில் மூன்று பேர் இரண்டாவது வகைக்குள் வருவார்கள், நாலில் ஒருவர்தான் சுத்தமான நோய்ப்பயம் என்பது அந்தக் கையேட்டின் மதிப்பீடு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது நோய்ப்பயத்தை ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய்களின் குடும்பத்தில் சேர்த்தது. கதவு பூட்டினோமா என்று பத்து தடவை பார்ப்பவருக்கும், நாடித் துடிப்பைப் பத்து தடவை பார்ப்பவருக்கும் உறவு இருக்கிறதல்லவா? அதனால். உடல் அறிகுறிக் கோளாறை அது உடல் வேதனைக் கோளாறு என்று தனியாக வைத்தது.

டிஎஸ்எம்-5 செய்த இன்னொரு மாற்றம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அதுவரை "மருத்துவக் காரணம் கண்டுபிடிக்க முடியாத அறிகுறி" என்பதுதான் இரண்டாவது வகைக்கு அடிப்படையாக இருந்தது. அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எனக்குக் காரணம் தெரியவில்லை என்பதாலேயே உங்களுக்கு மனக்கோளாறு என்று எப்படிச் சொல்வது? என் அறியாமை உங்கள் வியாதி ஆகிவிடுமா?

அதனால் இப்போது கேள்வி "ஸ்கேனில் தெரியுதா இல்லையா" என்பது இல்லை. "அந்த அறிகுறி இவர் வாழ்க்கையை எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது" என்பதுதான். உண்மையான மூட்டுத் தேய்மானம் இருப்பவருக்கும் இந்தக் கோளாறு கூடவே இருக்கலாம். மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கும் வரலாம்.

சரி டாக்டர், எங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் இப்போதெல்லாம் இரண்டு கேள்வி கேட்கிறேன்.

கேள்வி 1: "இன்னைக்கு இந்த வலி சுத்தமா போயிருச்சுன்னு வைங்க. ஆனா ஏன் வந்துச்சுன்னு தெரியல. நிம்மதியா இருப்பீங்களா?"

கேள்வி 2: "எந்த வியாதியும் இல்லன்னு உலகத்துல உள்ள எல்லா டாக்டரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்கன்னு வைங்க. ஆனா வலி அப்படியே இருக்கு. நிம்மதியா இருப்பீங்களா?"

அக்கா மாதிரி ஆட்கள் முதல் கேள்விக்குச் சட்டென்று "இருப்பேன்" என்பார்கள். இரண்டாவதுக்கு "அந்தக் கையெழுத்த வச்சு நான் என்ன பண்ண?" என்பார்கள். அவர்களுக்கு வேண்டியது நிவாரணம்.

தம்பி மாதிரி ஆட்கள் முதல் கேள்விக்கு "ஏன் வந்துச்சுன்னு தெரியாம எப்படி சார்?" என்பார்கள். இரண்டாவதுக்கு முகம் மலரும். பிறகு யோசித்து, "எல்லா டாக்டரும்னா... அந்த மெஷின் சரியா வேல செஞ்சுச்சான்னு பாத்தாங்களா?" என்பார்கள். அவர்களுக்கு வேண்டியது உறுதி. நூற்றுக்கு நூறு உறுதி. அது எந்த டாக்டரிடமும் கிடையாது, எனக்கே கிடையாது.

இது நோயை உறுதி செய்யும் பரிசோதனை இல்லை. திசை காட்டும் கைகாட்டி மரம், அவ்வளவுதான். நிறைய பேருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

நோய்ப்பயத்தில் தலைகீழாக ஒரு வகையும் உண்டு. இவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார்கள். பிபி பார்க்கக் கையை நீட்ட மாட்டார்கள். துக்க வீட்டுக்குப் போக மாட்டார்கள். "எனக்கு ஒண்ணும் கெடையாது" என்று தைரியசாலி மாதிரி தெரிவார்கள். உள்ளே அதே பயம்தான்.

இது உடம்புக்குள் எப்படி நடக்கிறது?

பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழாவுக்குப் போயிருக்கீங்களா? மைக் செட் கட்டியிருப்பார்கள். மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் "கீ...." என்று காதைப் பிளக்கும். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், பெரிதாகி, திரும்ப ஸ்பீக்கரில் வந்து, திரும்ப மைக்குக்குள் போய்...

நோய்ப்பயம் அதுதான். நெஞ்சில் லேசாக ஒரு துடிப்பு. "என்ன இது?" என்று கவனம் போகும். கவனித்தால் துடிப்பு தெளிவாகத் தெரியும். தெரிந்தால் பயம். பயந்தால் அட்ரினலின் சுரக்கும். அட்ரினலின் சுரந்தால் இதயம் நிஜமாகவே வேகமாகத் துடிக்கும். "பாத்தியா, சொன்னேன்ல!" வாட்ச்சில் 118. கீ....

அக்காவுக்கு நடந்தது வேறு. அங்கே ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் திருகு மேலே போய் அங்கேயே சிக்கிக்கொண்டது. சாதாரணமாகத் தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் குடலிலிருந்தும் மூளைக்கு ஆயிரம் சின்னச் சின்னச் சேதிகள் போய்க்கொண்டே இருக்கும். முதுகுத் தண்டும் மூளையும் அதில் பெரும்பாலானதை வடிகட்டிவிடும். தூக்கமின்மை, நீண்ட நாள் மன அழுத்தம், பழைய அடி, பழைய தொற்று, பரம்பரை என்று பல காரணங்களால் இந்த வடிகட்டி பழுதாகலாம். அப்போது காற்று பட்டாலும் எரிச்சலாகத் தெரியும்.

இங்கே பாட்டில் தப்பு இல்லை. ஸ்பீக்கரும் கிழியவில்லை. அதனால் ஸ்கேனில் தெரியாது. ஆனால் சத்தம் நிஜம். கேட்பவர் காது வலிப்பதும் நிஜம்.

"எல்லாம் மனசுதான்" என்று நான் சொன்னது ஏன் தப்பு என்று இப்போது புரியுதா? வலியை உணர்வது எல்லோருக்கும் மூளையில்தான். கால் எலும்பு உடைந்தவருக்கும் வலி மூளையில்தான் உணரப்படுகிறது. அவரிடம் போய் "எல்லாம் மூளைதான்" என்று சொல்வோமா?

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லாவிட்டால் நேர்மை இல்லை.

அப்பா இறந்த வருஷம் என் கழுத்தில் ஒரு சின்ன நெறிக்கட்டி தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. வேறு யாராவது வந்து காட்டியிருந்தால் "இது எல்லாருக்கும் இருக்கும், போங்க" என்று அனுப்பியிருப்பேன். ஆனால் அது என் கழுத்து. எனக்கு லிம்ஃபோமா பற்றி முழு அத்தியாயமே மனப்பாடம்.

தினமும் அழுத்திப் பார்த்தேன். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. பத்து நாளில் அந்த இடம் வீங்கி வலிக்க ஆரம்பித்தது. "பெரிசாகுது!" என்று நடுங்கிப்போய் திருச்சியில் நண்பர் ஒருவரிடம் போனேன். ஸ்கேன் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "டேய், நீ இத எத்தன வாட்டி அமுக்குற?"

அமுக்கி அமுக்கித்தான் வீங்கியிருந்தது.

அதற்குப் பிறகும் இரண்டு வேறு இடங்களில், பேரைச் சொல்லாமல், ஸ்கேன் எடுத்தேன். டாக்டர்தான். படித்தவன்தான். அறிவுக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை.

அதனால் நோய்ப்பயம் உள்ளவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர் கோழை கிடையாது. அவருடைய எச்சரிக்கை மணி ரொம்ப லேசான தொடுதலுக்கே அடிக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மணி ஊருக்கே சேர்ந்து அடிப்பதும் உண்டு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டார். 17-ஆம் தேதி அதிகாலை மாரடைப்பால் இறந்தார். அந்த வாரம் தமிழ்நாட்டில் தடுப்பூசி போட்டிருந்த எத்தனை பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று டாக்டர்களைக் கேட்டுப் பாருங்கள். மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு ஆராய்ந்து சொன்னது அக்டோபரில். அந்த மாதக் கடைசியில் புனித் ராஜ்குமார் இறந்ததும் பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. மணி அடிப்பது தப்பு இல்லை. பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் நின்றுவிடும். சிலருக்கு நிற்பதில்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி சார், நம்ம ஊர்ல ஏது?" என்று கேட்பவர்களுக்கு மூன்று விஷயம்.

ஒன்று. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள், விளக்கம் கிடைக்காத உடல் அறிகுறிகளோடு தமிழ்நாட்டில் ஒரு ஆரம்பநிலை சிகிச்சை மையத்துக்கு வந்தவர்களை ஆராய்ந்து 2002-ல் எழுதியிருக்கிறார்கள். ஸ்கேன் முடிவைத் தாண்டி, "உங்களுக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று நோயாளியையே கேட்ட ஆய்வு அது. நான் 2021-ல் கேட்காத கேள்வி.

இரண்டு. கோவாவில் விக்ரம் படேல் குழு, வெள்ளைப்படுதல் என்று சொல்லும் பெண்களை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டது. கிருமித் தொற்றை விட மனச்சோர்வு, பதற்றம், குடும்பச் சூழல் ஆகியவற்றோடுதான் அந்தப் புகாருக்கு அதிகத் தொடர்பு இருந்தது. நம்ம வீட்டுப் பெண்களுக்கு "மனசு சரியில்ல" என்று சொல்ல இடமில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லத்தான் இடம் இருக்கிறது.

மூன்று. விந்து வெளியேறியதால் உடம்பே போச்சு, இடுப்பு வலி, அசதி, ஞாபக மறதி என்று வரும் இளைஞர்கள். 1960-லேயே டாக்டர் என்.என். விக் இதற்கு தாது சிண்ட்ரோம் என்று பேர் வைத்தார். இதில் பயமும் உண்டு, உடல் அறிகுறியும் உண்டு. இரண்டும் கலந்த நம்ம ஊர் உதாரணம். இந்தப் பயத்தை வைத்து லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்றவர்கள் கட்டிய வீடுகள் எத்தனையோ!

இப்போது ஒரு எச்சரிக்கை. தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

இந்தப் பதிவைப் படித்துவிட்டு "ஓ, நமக்கும் இதுதான்" என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது. தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, முடக்குவாதம், சில புற்றுநோய்கள் எல்லாமே ஆரம்பத்தில் "உடம்பெல்லாம் அசதி" என்றுதான் வரும். முதலில் முறையான பரிசோதனை ஒரு தடவை கட்டாயம் வேண்டும்.

கீழே உள்ளவை இருந்தால் மனசு, பயம் என்ற பேச்சே வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்:

காரணமில்லாமல் எடை குறைவது.
விடாத காய்ச்சல், இரவில் நனைய நனைய வியர்ப்பது.
மலத்தில், சளியில், சிறுநீரில் ரத்தம்.
நடந்தால் வந்து நின்றால் போகும் நெஞ்சு வலி.
ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சு குளறல்.
தூக்கத்திலிருந்து எழுப்பும் புது வலி.
50 வயதுக்கு மேல் முதல் முறையாக வரும் புது அறிகுறி.

இன்னொன்று. பயப்படுபவருக்கு நிஜ நோய் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஸ்வீடனில் நோய்ப்பயம் கண்டறியப்பட்ட 4,129 பேரை ஆராய்ந்து 2023 டிசம்பரில் ஜாமா சைக்கியாட்ரி இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் மற்றவர்களை விடச் சராசரியாக 5 வருஷம் முன்னதாகவே இறந்திருந்தார்கள். தற்கொலை சுமார் 4 மடங்கு அதிகம். "அவன் எப்பவும் இப்படித்தான், ஒண்ணுமில்லாததுக்குப் பயப்படுவான்" என்று நாம் ஒதுக்குகிறோமே, அவர்களைத்தான் சொல்கிறேன்.

சரி, சிகிச்சை என்ன?

நோய்ப்பயத்துக்கு: சிபிடி என்கிற பேச்சு வழிச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. பயத்தோடு வாதாடி ஜெயிப்பதல்ல இது. "நூறு சதவீத உறுதி கிடைக்காது, அது இல்லாமலும் வாழலாம்" என்று உடம்புக்குப் பழக்குவது. சரிபார்ப்பதைப் படிப்படியாகக் குறைப்பது. தேவைப்பட்டால் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், மருத்துவர் சொன்னால் மட்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

உடல் அறிகுறிக் கோளாறுக்கு: முதலில், ஒரே டாக்டர். பத்து டாக்டர், பத்து மருந்துச் சீட்டு வேண்டாம். இரண்டாவது, வலி வந்தால் வருவது என்று இல்லாமல், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நாளில் வருவது. "வலித்தால்தான் டாக்டர் பார்ப்பார்" என்று உடம்பு கற்றுக்கொள்ளக் கூடாது. மூன்றாவது, தூக்கத்தைச் சரிசெய்வது. நான்காவது, அசைவை மெல்ல மெல்லக் கூட்டுவது. இன்று அஞ்சு நிமிஷம், அடுத்த வாரம் ஏழு நிமிஷம். ஐந்தாவது, வலியின் வால்யூமைக் குறைக்கும் சில மாத்திரைகள். இவை மனச்சோர்வுக்கும் தரப்படுபவைதான். சீட்டைக் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு "என்னைப் பைத்தியம்னு நெனச்சுட்டாரு" என்று கோபப்படாதீர்கள். இங்கே அது வலிக்கான மருந்து. இதற்கும் சிபிடி உதவும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு.

அக்கா மாதிரி ஒருவர் வீட்டில் இருந்தால் "நடிக்கிற" என்ற வார்த்தையை அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள். நடிப்பு என்பது லாபத்துக்காகத் தெரிந்தே செய்வது. இவர்கள் நஷ்டத்தில் இருக்கிறார்கள்.

தம்பி மாதிரி ஒருவர் இருந்தால் ஒரு நாளைக்கு இருபது தடவை "ஒண்ணும் ஆகாதுப்பா" என்று சொல்லாதீர்கள். அன்பாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அது பயத்துக்குத் தீனி. ஒரு தடவை சொல்லுங்கள். அடுத்த தடவை "பயமா இருக்குல்ல? வா, கடைத்தெரு வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்று சொல்லுங்கள்.

எனக்கு, மற்ற டாக்டர்களுக்கு: "ஒண்ணுமில்ல" என்று சொல்வதற்குப் பதில், "ஆபத்தான நோய் எதுவும் இல்ல. ஆனா உங்களுக்கு வலி இருக்கு. அத நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்." கூடுதலாக ஆகும் நேரம் பத்து வினாடி. அந்தப் பத்து வினாடி 2021-ல் என்னிடம் இல்லாமல் போச்சு.

இருவரும் இப்போது எப்படி இருக்கிறார்கள்?

தம்பியோடு ஒரு ஒப்பந்தம் போட்டேன். இசிஜி எடுப்பதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்வேன், அவர் அல்ல. புதிதாக, வேறு மாதிரி ஏதாவது வந்தால் எந்த நேரத்திலும் நான் பார்ப்பேன். அதே பழைய பயம் என்றால் அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் பொறுக்க வேண்டும். திருச்சியில் ஒரு உளவியலாளரிடம் பன்னிரண்டு வாரம் போனார். வாட்ச்சைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். இப்போது ஊரிலேயே டைல்ஸ் ஒட்டும் வேலை. 12-வது இசிஜி இன்னும் எடுக்கவில்லை. பயம் வருகிறதா என்றால் வருகிறது. "வருது சார். வந்துட்டுப் போவுது."

அக்காவுக்கு ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்த முடியாது. நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. (பொட்டண மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள்.) புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஆலோசனையோடு மாதக்கணக்கில் குறைத்தோம். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என்னிடம் வருகிறார். முதல் வரவிலேயே மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி" என்றார். அதைக் கேட்டு இன்னும் கூசிப்போனேன்.

வலி முழுசாகப் போய்விட்டது என்று கதை முடித்தால் பொய். பத்துக்கு ஒன்பதாக இருந்தது இப்போது பத்துக்கு நாலு, அஞ்சு. சர்க்கரை மாத்திரை தொடர்கிறது. அது நான் போட்ட வட்டி.

ஆனால் போன மாதம் கிளினிக் வாசலில் ஒரு லேடீஸ் சைக்கிள் நின்றது. கட்டைப்பையைக் காணோம்.

"எப்படிக்கா இருக்கு வலி?"

"இருக்கு சார். அது பாட்டுக்கு அது இருக்கு, நான் பாட்டுக்கு நான் இருக்கேன்."

இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

கடைசியாக.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ இதில் எதுவாவது பொருந்தினால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், நம்ம மாநிலத்தில் "நட்புடன் உங்களோடு" மனநல சேவை. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று அங்கேயே கேளுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் தள்ளிப் போடாதீர்கள், இப்போதே கூப்பிடுங்கள்.

பீரோ மேல் இருக்கும் அந்தக் கட்டைப்பையை இன்று இறக்குங்கள். அதன் சொந்தக்காரரிடம் ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து "எங்க வலிக்குது, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள்.


கீரனூரிலிருந்து உங்கள் பொதுநல மருத்துவன்.